சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

"உங்களுக்கு வீடு இல்லையோ, ரீச்சர்?"

நிலாவெளிக் கரையிலே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, நாம் அங்கு போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் எம்மைக் கேட்ட கேள்வி இது. பனை நிழலில் நின்ற எமது பழைய பஸ் வண்டியையும், அதன் சன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த எமது துணிகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டே அவர் இதைக் கேட்டார். கேள்வியில் ஏளனம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய ஆசிரியர் இருவருக்கும் உடனே விடை சொல்ல வாய் வரவில்லை.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நாம் காலந்தாழ்த்தி அளிக்கும் விடையாகும். அதனோடு, சக்கரங்களின் மேல் குடித்தனம் நடத்த விரும்புவோருக்கும், விரும்பாமலே நடத்த நேர்வோருக்கும் பயன்படக்கூடிய சில அநுபவக் குறிப்புகளையும் சேர்த்துள்ளோம்.

எம்மில் ஒருவர் நிலாவெளியிலே பிறந்தவர். மற்றவர் திருமணத்தால் அவ்வூருக்கு உரியவரானவர். ஒருவர் விஞ்ஞானம் கற்பித்தார். மற்றவர் தமிழ் கற்பித்தார். திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அந்த ஊரிலே எமக்கு ஒரு வளவும், ஓட்டு வீடும், கிணறும் இருந்தன. 1990 ஜூன் மாதத்தில் யுத்தம் மறுபடி மூண்டபோது ஊரோடு ஊராக நாமும் ஓடினோம். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், குழந்தைக்கு ஒரு பால்மாப் பேணி. அன்றைய எமது வீடு அவ்வளவுதான். பள்ளிக்கூட மண்டபம், கோயில் மடம், தறப்பாள் கூடாரம் என்று அந்த வீடு இடம் மாறிக்கொண்டேயிருந்தது. திரும்பி வந்தபோது கூரை இல்லை. மீந்திருந்த சுவர்களை 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. அவற்றோடு எல்லைக் கற்களும் போயின.

2018இல் இருவரும் ஓய்வு பெற்றோம். பிறந்த மண்ணிலே சிறியதொரு வீடு கட்டுவோம் என்று காணி உறுதியை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். உறுதியில் கண்ட எல்லையும் அளவைப் படத்தில் கண்ட எல்லையும் ஒத்துவரவில்லை. ஆகவே கட்டட அனுமதி தரவியலாது என்றனர். ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைச் சுட்டியது. அது மூன்றாவதைச் சுட்டியது. மூன்றாவது மீண்டும் முதலாவதைச் சுட்டியது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவரின் காணியை இடையில் பிடித்துக்கொண்டவர், பத்தாண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கொண்டாடுவதைத் தடுக்க 2016இல் ஒரு விசேட சட்டமே செய்தார்கள். ஆனால் எமது காணியை எவரும் பிடிக்கவில்லை. அதைப் பிடித்துவைத்திருந்தது ஒரு கோப்பு மாத்திரமே.

"கல்வீட்டுக்குத்தானே அனுமதி வேண்டும்? சக்கரமுள்ள வீட்டுக்கு வேண்டாமே!" என்று எம்மில் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். விளையாட்டு வினையாயிற்று. 2019இல், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கிக் களைத்துப்போன ஒரு பழைய 'றோசா' பஸ்ஸை, எமது பணிக்கொடைப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கினோம். அதுவும் எம்மைப் போல ஓய்வு பெற்றதுதான். மறு ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை அத்தடை நீடித்தது. பழைய தகரமெல்லாம் பொன் விலைக்கு ஏறிற்று. ஓராண்டு தாமதித்திருந்தால், எமது பணத்துக்குச் சக்கரங்கள் மாத்திரமே கிடைத்திருக்கும். இங்கே ஒரு குறிப்பு: ஆசனங்களைக் கழற்றி வாகனத்தின் வகையை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதைப் பெறுமுன் ஓர் ஆணியையும் தொடாதீர்கள்.

ஆகவே எமது வண்டி, உறவினர் ஒருவரின் பனை வளவிலே, கடலிலிருந்து சற்றுத் தள்ளி வந்து நின்றது.

சக்கர வீடு புதிய கற்பனையன்று. இங்கிலாந்திலே கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை வைத்தியர் 1885இல் குதிரை பூட்டிய வண்டியொன்றை வீடுபோலச் செய்வித்து உல்லாசப் பிரயாணம் போனார். உல்லாச வண்டிகளின் வரலாறு அவரிலிருந்துதான் தொடங்குகின்றது என்பர். ஆனால் அவருக்கு முன்பே ரோமா மக்கள் வண்டிகளில் பிறந்து வண்டிகளில் இறந்தனர். கனவானின் வண்டியை வியந்து பார்த்த அதே சமுதாயம், ரோமா மக்களின் வண்டி ஊரெல்லையில் நின்றால் விரட்டியடித்தது. வண்டி ஒன்றுதான், அதில் இருப்பவர் யார் என்பதே கேள்வி.

அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக்கை எமது வாசகர் அறிவர். 1939இல் அவர் வெளியிட்ட பெரும் நாவலிலே, நிலத்தை இழந்த குடியானவக் குடும்பம் ஒன்று பழைய காரொன்றை லொறியாக மாற்றி, பாத்திரம் பண்டம், படுக்கை, பாட்டன் பாட்டியோடு கலிபோர்னியாவை நோக்கிப் போகின்றது. 1960இல் அதே எழுத்தாளர் தாமே ஒரு லொறியின் மேல் அறை கட்டுவித்து, ஒரு நாயைத் துணைக்குக் கொண்டு நாட்டைச் சுற்றிப் பார்த்தார். முன்னையதும் சக்கர வீடுதான். பின்னையதும் சக்கர வீடுதான். 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், வீட்டை இழந்த அமெரிக்க முதியோர் பலர் வான்களிலே குடியிருந்து, பருவகாலக் கூலிவேலை தேடி மாநிலம் மாநிலமாக அலைந்தனர். ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் அவர்களைப் பற்றி நூலொன்று எழுதினார். அது திரைப்படமாகி 2021இல் ஒஸ்கார் பரிசும் பெற்றது. பரிசு பெற்ற படத்தைப் பார்த்தவர்களிலும், வானில் உறங்கும் கிழவரின் முதுகுவலியைப் பற்றி எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

நிலாவெளிக்கும் இதற்கும் தொடர்புண்டு. தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். நான்கு கம்பும் கிடுகும் கொண்ட வாடி, சக்கரமில்லாத சக்கர வீடுதான். வந்தவருக்கும் ஊரவருக்கும் இடையே கரை யாருடையது என்ற சச்சரவும் உண்டு. இரு சாராரும் ஒரே கடனாளிக் கூட்டம் என்பதை இரு சாராரும் அறிவர். ஆயினும் மீன் குறைந்த காலத்தில் அறிவு மாத்திரம் வயிற்றை நிரப்புமா?

இனிக் குறிப்புகளுக்கு வருவோம்.

முதலாவது தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. 100 லீற்றர் கொள்ளும் தொட்டி என்றால் 100 கிலோ. பெரிய மனிதர் ஒருவரை எந்நேரமும் சுமந்து செல்வதற்கு ஒப்பு. ஆகவே தொட்டியைக் கூரையில் வைக்காதீர்கள்; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே தரையோடு வைத்துக் கட்டுங்கள். குடிக்கவும், சமைக்கவும், பாத்திரம் கழுவவும் இருவருக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் போதும் என்பதைக் கண்டோம். குளிப்பும் துணி துவைத்தலும் கிணற்றடியில். பட்டினத்து வீட்டிலே குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கிய நாம், வாளியால் அளந்து செலவிடப் பழகிய பின்னரே தண்ணீரின் விலையை உணர்ந்தோம்.

நிலாவெளி போன்ற மணற்கரையில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இங்கே நிலத்தின் கீழுள்ள நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட விதி. மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து உப்புநீர் அந்த விகிதத்தில் மேலேறி வரும். வாளியால் அள்ளுபவனை அந்த வில்லை பொறுத்துக்கொள்ளும். இரவு பகலாகப் பெரும் மோட்டார் வைத்து இறைத்தால் பொறுக்காது. ஆழிப்பேரலைக்குப் பின் உவர்த்துப்போன கிழக்குக் கரைக் கிணறுகளை அவசரப்பட்டு மேலும் மேலும் இறைத்த இடங்களில் உப்பு கூடியதேயன்றிக் குறையவில்லை. அவற்றைக் கழுவிச் சீராக்கியது பெரும்பாலும் மாரி மழைதான். உல்லாச விடுதியின் நீச்சல் தடாகமும் ஏழை வீட்டுக் கிணறும் ஒரே வில்லையிலிருந்தே குடிக்கின்றன என்பதைப் பாடப்புத்தகம் எமக்குச் சொல்லித்தரவில்லை, வாளி சொல்லித்தந்தது.

இரண்டாவது வெப்பம். வைகாசி தொடங்கி ஆவணிவரை தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று, தகரக் கூரையை அடுப்பாக்கிவிடும். விலையுயர்ந்த வெப்பத்தடுப்புப் பலகைகளைப் பற்றி நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளையில், அந்த ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "கிடுகைப் போடுங்கோ மாஸ்ரர், தகரத்தில முட்டாமப் போடுங்கோ" என்றார். கூரைக்கு மேலே அரையடி இடைவெளி விட்டுச் சலாகை கட்டி, அதன்மேல் கிடுகு வேய்ந்தோம். வெயில் கிடுகோடு நின்றது. இடைவெளியால் காற்று ஓடியது. உள்ளே தலைவலி தீர்ந்தது. வெப்பக் கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று வகுப்பிலே மூன்றாகப் பிரித்துக் கற்பித்தவர் எம்மில் ஒருவர். மூன்றையும் ஒரே கூரையால் தடுக்க அறிந்தவர் அந்த ஆச்சி. ஓடும்போது கிடுகைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மாத்திரம் மறவாதீர்கள்.

மூன்றாவது மின்சாரம். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி எனக் குறித்த ஈயப் பற்றரி ஒன்று 1200 உவாற்று-மணிச் சக்தியை வைத்திருக்கும் என்று கணக்குச் சொல்லும். அதில் பாதியைத்தான் எடுக்கலாம்; மிஞ்சி எடுத்தால் பற்றரியின் ஆயுள் குறையும். எஞ்சிய 600இல், 25 உவாற்று மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 200. 5 உவாற்று விளக்குகள் இரண்டு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50. கைபேசிக்கும் வானொலிக்கும் சிறிது. நல்ல வெயில் நாளில் 150 உவாற்றுச் சோலர் தகடு ஏறக்குறைய 500ஐத் திருப்பித் தரும். மேகம் மூடிய கார்த்திகையில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது. ஓய்வில் இருக்கும் பற்றரி 12.7 வோல்ற்று காட்டினால் நிறைவு, 12.2க்குக் கீழே இறங்கினால் விசிறியை நிறுத்துங்கள். காய்ச்சி வடித்த நீரை மாதந்தோறும் பார்த்து நிரப்புங்கள். யாவற்றிலும் முக்கியம், இயந்திரத்தைக் கிளப்பும் பற்றரி வேறு, வீட்டுப் பற்றரி வேறாக இருக்கட்டும். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது பின்னர் விளங்கும்.

நான்காவது சமையல் வாயு. இது காற்றிலும் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டரை வண்டியின் உள்ளறையில் வைக்காதீர்கள். வெளியிலிருந்து திறக்கும் தனிப்பெட்டியில், அடியில் துவாரமிட்டு வையுங்கள். 12.5 கிலோச் சிலிண்டர் வேண்டாம். 5 கிலோ போதும். இணைப்புகளைச் சவர்க்கார நீர் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியிலே எமது நாட்டில் வாயுக் கலவையின் விகிதம் மாறியதால் வீடு வீடாக அடுப்புகள் வெடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அன்று நாம் வண்டிக்கு வெளியே மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினோம். ஆறு மாதங்களுக்கு மேல் அதுவே எமது சமையலறை.

ஐந்தாவது, கூச்சத்தால் யாரும் எழுதாத விடயம். மலசலத்துக்குப் பெருந்தொட்டியும் இரசாயனமும் மேல்நாட்டு முறை. எமக்கு ஒரு மூடியுள்ள வாளியும், ஒவ்வொரு தடவையும் மேலே தூவத் தும்புத்தூளும் போதுமாயிருந்தன. உலர்ந்த தூள் நாற்றத்தையும் ஈயையும் தடுக்கும். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடிக்கு அப்பால், மணற்றரையானால் இன்னும் தள்ளி, வெள்ளம் ஏறாத மேட்டில் குழி வெட்டி மூடி, ஓராண்டு தொடாமல் விடவேண்டும். கடற்கரையிலே கொட்டிவிட்டுப் போவது பயணியின் சுதந்திரம் அன்று. நாளைக் காலையில் அதே மணலில் வலை இழுக்கப்போகிறவனுக்கு இழைக்கும் அவமதிப்பாகும்.

ஆறாவது துரு. கடற்காற்று இரும்பைத் தின்னும். கிழமைக்கு ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தை நன்னீர் தெளித்துத் துணியால் துடையுங்கள். தண்ணீர் அருமையான இடத்தில் கழுவுவதிலும் தடுப்பதே மேல். பனை வரிசைக்குப் பின்னே நிறுத்துவது பாதி வைத்தியம். துருவின் முதற் புள்ளியைக் கண்ட அன்றே சுரண்டி வர்ணம் பூசுங்கள். பற்றரி முனைகளுக்கு வசலின் தடவுங்கள். அலுமினியத் தகட்டை இரும்பாணியால் அறைந்தால், உப்பீரத்தில் இரண்டும் சேர்ந்து அரிக்கும். இடையே இறப்பர் வையுங்கள். ஐப்பசிக்கு முன்னர் கூரைப் பொருத்துகளின் மேல் வாளியால் நீரூற்றி, உள்ளே யார் தலையில் சொட்டுகிறது என்று பாருங்கள்.

ஏழாவது மணலும் ரயரும். மணலில் சக்கரம் புதைந்தால் வேகத்தை அழுத்தாதீர்கள். அழுத்த அழுத்தக் குழி ஆழமாகும். இறங்குங்கள், மணலைக் கைகளால் அகற்றுங்கள், ரயர்க் காற்றைப் பாதியளவாகக் குறையுங்கள், கிடுகையோ பலகையையோ சக்கரத்தின் முன் செருகி மெல்ல நகர்த்துங்கள், தார் வீதிக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்புங்கள். நெடுநாள் நிற்கும் வண்டிக்கு ரயர் தேயாது, ஆனால் வெடிக்கும். அதன் பக்கத்திலே பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு கிழமையையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். ஆறேழு ஆண்டு கடந்தால், பூ அழியாதிருந்தாலும் மாற்றுவதே நலம். கடலோரத்தில் கைத்தடையை இழுத்தபடி மாதக்கணக்கில் விடாதீர்கள். துரு பிடித்து இறுகிவிடும். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

எட்டாவது இயந்திரம். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையேனும் அரைமணி நேரம் வண்டியை ஓட்டுங்கள். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள். வெற்றிடம் இருந்தால் ஈரம் படிந்து நீராகும். வடியின் அடியிலுள்ள குமிழைத் திறந்து அந்நீரை வெளியேற்றுங்கள்.

இந்த எட்டாவது குறிப்பைச் சிவப்பு மையால் எழுதிச் சாரதியின் ஆசனத்துக்கு மேல் ஒட்டியிருந்தோம். ஒட்டியவரும் நாம்; மீறியவரும் நாமே.

2020 டிசம்பர் 2ஆம் திகதி. புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறப் போகின்றது என்று வானொலி சொல்லிற்று. கரையோரத்தவர் பாடசாலைக்குப் போகவேண்டும் என்ற அறிவித்தல் மாலையில் வந்தது. எமக்குப் பயமில்லை. எமது வீட்டுக்குத்தான் சக்கரம் உண்டே! ஆச்சியையும், அவர் மகளையும், பேரப்பிள்ளைகளையும், அயலிலிருந்த முதியோரையும் ஏற்றிச்செல்வோம் என்று பெருமையோடு சொன்னோம். அவர்கள் மூட்டைகளோடு வந்து வரிசையாக நின்றனர். சாவியைத் திருப்பினோம். 'டக்' என்ற ஓர் ஒலி. அவ்வளவுதான்.

அவ்வாண்டு முழுவதும் கொரோனா ஊரடங்கைச் சாக்காகக் கொண்டு வண்டியை நாம் ஓட்டவில்லை. அதுமட்டுமன்று. கார்த்திகை மேகத்தில் சோலர் தகடு கைவிட்டபோது, விசிறிக்காக இயந்திரப் பற்றரியிலிருந்து ஒரு கம்பியைத் 'தற்காலிகமாக' இணைத்திருந்தோம். எங்கள் சுகநித்திரைக்காக எடுத்த மின்சாரம், இருபது பேரின் உயிருக்கு வேண்டிய நேரத்தில் இல்லாமற் போயிற்று. மழை தொடங்கிவிட்டது. மூட்டையோடு நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எமக்கு வெட்கமாயிருந்தது.

ஆச்சி எம்மைத் திட்டவில்லை. அவர் இருளுக்குள் நடந்து போய்க் கரைவலைக்காரரைக் கூட்டிவந்தார். தமிழரும் முஸ்லிம்களுமாக ஏறத்தாழ முப்பது பேர். தங்கள் குடும்பங்களையும் ஏற்றியனுப்ப வேண்டிய அவசரத்தில் இருந்தவர்கள் அவர்கள். கரைவலைக் கயிற்றை வண்டியின் முன்கொளுவியில் மாட்டினர். சக்கரத்தின் முன் கிடுகும் பலகையும் இட்டனர். வலையை இழுப்பது போலவே, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் காலூன்றிப் பின்சாய்ந்து இழுக்க, வண்டி மணலை விட்டுக் கிறவல் பாதைக்கு ஏறிற்று. பாதையிலே ஓட்டமாக இழுத்தனர். இரண்டாம் கியரில் வைத்து மிதியை விட்டோம். இரண்டு தரம் குலுங்கி நின்றது. மூன்றாம் தரம் இயந்திரம் இருமிக்கொண்டு உயிர்பெற்றது.

இரண்டு நடையில் 34 பேரைப் பாடசாலைக்குக் கொண்டுசேர்த்தோம். ஆச்சி எமது படுக்கையின் விளிம்பிலே அமர்ந்து, மேலே சொட்டிய ஒழுக்குக்குத் தம் பேணியை ஏந்திப் பிடித்தபடி வந்தார். அன்றிரவு வகுப்பறைத் தரையிலே படுத்தபோது, 1990ஆம் ஆண்டின் தரைதான் நினைவுக்கு வந்தது. அஞ்சிய அளவுக்கு அழிவில்லாமல் புயல் கடந்துபோயிற்று. எமது கிடுகுக் கூரையும் ஆச்சியின் வாடியும் பறந்திருந்தன. இரண்டையும் வேய்ந்து முடிக்கப் பத்து நாள் சென்றது. முதலில் அவருடையதை வேய்ந்தோம்.

அதன் பிறகே எமது குடித்தனத்தின் போக்கு மாறிற்று. மாலையானால் ஏழெட்டுப் பிள்ளைகள் வண்டிக்குள் வந்தமர்ந்து படிக்கத் தொடங்கினர். பற்றரிக் கணக்கே அவர்களின் முதற் பாடம். "விசிறி ஓடினால் விளக்கு எத்தனை மணி நேரம் எரியும்?" என்று கேட்டோம். ஒரு சிறுமி விரல்களை மடக்கி எண்ணிவிட்டு, "விசிறி வேண்டாம் சேர், விளக்கு எரியட்டும்" என்றாள். அன்று முதல் படிப்பு நேரத்தில் விசிறி ஓடுவதில்லை. 2022இல் எரிபொருள் வற்றி, வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று பங்கீட்டு அட்டை வழங்கிய காலத்திலும், வண்டி நின்ற இடத்தில் நின்றதேயன்றி, விளக்கு அணையவில்லை.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருவோம். எமக்கு வீடு இல்லையா? ஓய்வூதியம் உண்டு, பட்டினத்திலே வாடகைக்கு ஓர் அறை எடுக்க வசதியுண்டு, வேண்டாதபோது வண்டியைப் பூட்டிவிட்டுப் போகலாம். எமது வறுமை பாதி விருப்பம். ஆச்சிக்கு அந்த வசதி இல்லை. 2005இல் வடக்கு, கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதித்தபோது, அவருடைய வளவு அக்கோட்டுக்குள் அடங்கிற்று. கடல்தொழிலாளியைக் கடலிலிருந்து விலக்கிய அந்த விதி, முன்னரே இருந்த உல்லாச விடுதிகளை அவ்வளவாக அசைக்கவில்லை. பின்னர் விதி தளர்ந்தது. ஆனால் அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அன்று தொட்டு அவர் வாடியில் இருக்கிறார். அவருடைய வாடியைப் படம் பிடித்துச் செல்லும் பயணிகள் உண்டு. எமது பஸ்ஸையும் பிடித்துச் செல்கின்றனர். படத்தில் இரண்டும் அழகாகவே இருக்கும்.

சக்கர வாழ்வு மனிதனை விடுதலை செய்கின்றது என்று சிலர் எழுதுகின்றனர். திரும்பிப் போக ஒரு வாசல் உள்ளவனுக்கு அது மெய்யாகலாம். வாசலே இல்லாதவனுக்கு, நகர்வது விடுதலையன்று; நிற்க இடமில்லாமைதான். இந்த வேற்றுமையை நாம் நூல்களில் வாசித்திருந்தோம். கயிற்றை இழுத்த அந்த முப்பது பேரின் முதுகைப் பார்த்த இரவிலேதான் விளங்கிக்கொண்டோம்.

எமது கோப்பு இன்னும் முடிவுக்கு வரவில்லை. நகரவேண்டிய பஸ் நிற்கின்றது. ஓரிடத்தில் நின்று தீரவேண்டிய கோப்பு மேசைக்கு மேசை நகர்கின்றது. கடந்த மாதம் நாம் மீண்டும் விசாரிக்கப் புறப்பட்டபோது, ஆச்சி ஒரு பொலித்தீன் பையை நீட்டினார். அதற்குள் நிவாரண அட்டையொன்று, மங்கிப்போன கடிதங்கள் மூன்று, கணவரின் மரணச் சான்றிதழ். "இதையும் ஒருக்காக் கேட்டுக்கொண்டு வாருங்கோ, ரீச்சர்" என்றார்.

நாம் அதை வாங்கவில்லை. "நீங்களும் வாருங்கள், ஆச்சி" என்றோம். இப்போது அவரோடு வேறு ஏழு குடும்பத்தாரும் தத்தம் கடிதங்களைத் திகதி வரிசையில் அடுக்கியிருக்கின்றனர். எம்மில் தமிழ் கற்பித்தவர் விண்ணப்பங்களை எழுதுகிறார். விஞ்ஞானம் கற்பித்தவர் வளவுகளின் பருமட்டான படங்களை வரைகிறார். வருகின்ற திங்கட்கிழமை காலை எல்லோரும் சேர்ந்து பட்டினம் போகின்றோம். இன்று மாலை வண்டியை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். பற்றரி 12.7 காட்டுகின்றது. ஆசனங்கள் கழற்றிய வண்டியாதலால் உள்ளே இடத்துக்குக் குறைவில்லை.